லைனில் ஆள் இருக்கிறார்

கடைசித் தம்பி டெலிபோன் ரிசீவரை வாயருகே பிடித்துக்கொண்டு கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்ததும், மறுமுனையில் இருந்த கம்ப்யூட்டர் அவனை ஒரு மோடம் என்று நம்பி இன்டர்நெட் இணைப்பைக் கொடுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. கீழே இருந்த பேக்கரியில் பன் விலையை ஏற்றியதும் அதே நாள்தான். அதனால் தெருவில் பலருக்கு அந்தத் தேதி இன்னும் மறக்கவில்லை. மாடி அறையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். பதினோரு வருடம் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துவிட்டு வேலையை உதறியிருந்த அக்கா. ரேடியோ ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த நடுத்தம்பி. சட்டைப்பையில் எந்நேரமும் நட்டும் போல்ட்டும் கிடந்து குலுங்குவதால் அவனுக்கு நட்டு என்றே பெயர். மூன்றாவது ஆள் கடைசித் தம்பி கிளி. விட்டுவிட்டு வர அவனுக்கு வேலை என்று ஒன்றும் இருக்கவில்லை. காதில் விழும் எந்தச் சத்தத்தையும் அப்படியே திருப்பிக் கொடுப்பான், அதனால் கிளி. நாலு வயது வரை அவனுக்குப் பேச்சே வரவில்லை. குக்கர் விசில் வந்தது, பால் வண்டி ஹாரன் வந்தது, பக்கத்து வீட்டுக் கதவு முனகுவது வந்தது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனைச் சமையலறைத் தரையில் உட்காரவைத்து, "அக்கா சொல்லுடா, அக்கா" என்று ஆறு மாதம் மன்றாடிப் பேசவைத்தது அவள்தான். அவனுடைய சொந்தக் குரலில் வந்த முதல் வார்த்தை அது.

இன்டர்நெட் என்றால் ஏதோ புதுக் கடையின் பெயர் என்று பாதி ஊர் நினைத்துக்கொண்டிருந்த காலம். கம்பெனி தொடங்கும் யோசனை நட்டுவுடையது. அவன் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர், இந்த மாடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை என்று கேட்டு முகம் தொங்கத் திரும்பிப் போனவர்கள். ஒருத்தர் வீட்டுப் பரணில் சும்மா கிடக்கும் குமிழ், வேறு ஊரில் ஒருத்தருக்கு உயிர் போகிற தேவையாக இருக்கும். இரண்டு பேரையும் இன்டர்நெட்டில் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் போதும் என்றான். பக்கத்துக்குப் பெயர் 'கிடைக்கும்'. இடது பக்கம் 'வேண்டும்', வலது பக்கம் 'இருக்கிறது'. அக்கா அதன் தலையில் தன் கையால் ஒரு வரி டைப் அடித்தாள்: இங்கே வரும் எந்தப் பதிலும் மூன்று நாளுக்குள் உரியவரிடம் சேர்க்கப்படும். வக்கீல் ஆபீஸில் ஒரு கடிதத்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்ற பெருமை அவளுக்கு. மூன்று பேர் கையில் இருந்ததையும் சுரண்டி ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கினார்கள். கூடவே வந்த மோடம் செத்துப்போயிருந்தது. நட்டு திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு சில்லு மிளகு மாதிரிக் கருகியிருந்தது. புதிது வாங்க வழியில்லை. அதனால் 'வேண்டும்' பட்டியலில் ஒன்றாம் நம்பர் அவர்களுடையதாகவே ஆனது: மோடம், இன்ன மாடல், ஓடுகிற நிலையில். அதைக்கூட ஏற்ற முடியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் கிளி, "எதிர் ஆபீஸ்ல மோடம் கத்துறதை நான் கேட்டிருக்கேன். ஒரு தடவ ட்ரை பண்ணவா?" என்று கேட்டான். நட்டு சிரித்தான். கிளி நம்பரைச் சுழற்றி, செத்த மோடத்தின் வயர் நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, கத்தினான்.

முதலில் கொக்கு கத்துவது போல, பிறகு தகரத்தைச் சுரண்டுவது போல, கடைசியில் பெருமழை போல ஒரு இரைச்சல். பதினாலு விநாடி. திரையில் பக்கம் விரிந்தது. அவன் அந்த மழையை நிறுத்தாமல் மூக்கால் மூச்சு விட்டபடி தொடர வேண்டும். நிறுத்தினால் இணைப்புப் போய்விடும். முதல் நாள் பதினொரு நிமிடம் தாக்குப்பிடித்தான். ஒரு வாரத்தில் ஒரு மணி நேரம். நட்டு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, கடையில் விற்கும் மோடத்தைப் போல இரண்டு மடங்கு வேகம் என்றான். எப்படி என்று அக்கா கேட்டதற்கு, "என்கிட்ட கேக்காத. ஓடுதா இல்லையா? ஓடுற மெஷினைப் பிரிச்சுப் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டான். இரைச்சல் நடக்கும்போதெல்லாம் கீழே பேக்கரியில் மாவு இரண்டு பங்கு உப்பியது. பேக்கரிக்காரர் மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "ஏம்மா, உங்க தம்பி காலைல ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சா எனக்குத் தோதா இருக்கும்" என்று கேட்டுக்கொண்டார். மாடி அவருடையது, வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும் செய்தார்.

ஆறு மாதத்தில் பட்டியலில் நாலாயிரம் வரிகள் சேர்ந்தன. தையல் மெஷினின் சக்கரம், தட்டச்சு மெஷினின் 'ண' எழுத்து, காது கேட்கும் கருவியின் சிறு திருகு, ஓடாத கடிகாரத்தின் நிமிட முள். எல்லாம் கிளியின் தொண்டை வழியாகப் போய், அவன் தொண்டை வழியாகவே வந்தன. தினம் நாலு மணி நேரம், பிறகு ஐந்து. ஒருநாள் மதியம் ரிசீவரை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன், வயதான ஒரு பெண் குரலில், "என் வீட்டுக்காரரோட மோட்டார் சைக்கிளுக்கு கார்ப்பரேட்டர் வேணும், அவர் படுக்கையில இருக்காரு, அது ஓடுற சத்தத்தை ஒரு தடவ கேக்கணும்ங்கறாரு" என்றான். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். நட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அந்தக் கடிதம் அரை மணி முன்பு வந்தது. அவள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவளை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்துக்கு ஒரு கடிகாரமும் இருந்தது. ரிசீவரை வைத்த பிறகு கிளியின் சொந்தக் குரல் திரும்பி வர நேரம் பிடிக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு நிமிடம். தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். பிறகு நாலு நிமிடம், பிறகு கால் மணி. அவன் வாயைத் திறப்பான், உதடு 'அக்கா' என்று அசையும், சத்தம் இருக்காது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அவன் எதிரில் உட்கார்ந்திருப்பாள். பிறகு எங்கிருந்தோ, படியேறி வந்தவன் மூச்சு வாங்குவது போல, "…க்கா" என்று வரும். அவளுக்கு அப்போதுதான் உயிர் வரும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நாக்கில் வைத்த குச்சியை எடுக்காமலே சொன்னார்: "உள்ள ரெண்டு பச்சை லைட் எரியுது. ஒண்ணு நின்னு எரியுது, இன்னொண்ணு விட்டு விட்டு எரியுது. புண் எதுவும் இல்ல." மாத்திரை எழுதிக் கொடுத்து, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். பேச்சைக் குறைக்கச் சொன்னார். அவன் பேசுவதே இல்லையே டாக்டர் என்று அக்கா சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டான்.

கால் மணி அரை மணி ஆன வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று ஒரு பெரிய கம்பெனியிலிருந்து. 'கிடைக்கும்' பக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், நாற்பது நாள் கழித்து ஒரு ஆளை அனுப்புவதாகவும், அவர் ஒரு முழு நாள் உட்கார்ந்து வேகத்தைப் பார்ப்பார் என்றும், பிடித்திருந்தால் மூன்று பேரையும் மூன்று பேர் உழைப்பையும் மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள் என்றும் எழுதியிருந்தது. இன்னொன்று, கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து. ஒன்றாம் நம்பர் விளம்பரத்தைப் பார்த்தேன், அதே மாடல் மோடம் என்னிடம் சும்மா கிடக்கிறது, தபால் செலவை மட்டும் அனுப்பினால் போதும் என்று இரண்டு வரி. அக்கா இரண்டாவது கடிதத்தை நாலு தடவை படித்தாள். பிறகு முகவரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மேஜை டிராயரில் கார்பன் தாள்களுக்கு அடியில் தள்ளினாள். திரையில் இருந்ததை அழித்தாள். மோடம் வந்தால் வேகம் பாதியாகிவிடும். அந்த ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், மறுநாளே எழுதிப் போட்டுவிடலாம், நாற்பது நாள் என்ன நாற்பது நாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூன்றடி தள்ளி கிளி ரிசீவரை வாயருகே வைத்து இரைந்துகொண்டிருந்தான். அவன் கண் அவள் பக்கம் ஒருமுறை திரும்பியது. வெளிச்சத்துக்கு அவன் கண் கூசுகிறது என்று நினைத்து அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

தினமும் மாலை நட்டு கேட்பான்: "அக்கா, நம்ம ஒண்ணாம் நம்பருக்கு ஏதாச்சும் வந்துச்சா?" வரவில்லை என்பாள். "ஊருக்கெல்லாம் கிடைக்குது, நமக்குக் கிடைக்க மாட்டேங்குது பாரு. கம்பெனி பேரை மாத்திடலாமா?" என்பான். அவள் சிரித்துவைப்பாள். மூன்றாவது நாள் தாண்டியபோது பக்கத்தின் தலையில் தான் அடித்துவைத்த வரியைப் பார்க்கப் பிடிக்காமல் திரையின் மேல் விளிம்பில் ஒரு துணியைப் போட்டுவிட்டாள். தூசி படிகிறதாம். இருபதாவது நாள் குரல் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது. முப்பதாவது நாள் கிளி மதியம் ரிசீவரை வைத்தான், விளக்கு வைக்கிற நேரத்தில்தான் குரல் வந்தது. அதுவும் அவளைப் பார்த்து, "டேய் அக்கா" என்று நட்டுவின் குரலில் வந்து, பிறகுதான் சொந்தக் குரலானது. டிராயர் கைப்பிடி சுட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அந்தப் பக்கமே கை போகவில்லை.

பெரிய கம்பெனி ஆள் பளபளக்கிற ஷூவோடு காலை பத்து மணிக்கு வந்தார். ரிசீவரும் கையுமாக நின்ற கிளியைப் பார்த்து, இது எந்த நாட்டு டெக்னாலஜி என்று கேட்டார். "வீட்டுத் தயாரிப்பு சார்" என்றான் நட்டு. அவர் தலையாட்டிக்கொண்டு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. பக்கங்கள் வெண்ணெய் மாதிரி வந்து விழுந்தன. நாலாவது மணியில் கிளியின் உதடு வெளுத்தது. கீழே மாவு பாத்திரத்தைத் தாண்டி வழிந்து வாசல் வரை வந்துவிட்டதாகப் பேக்கரிக்காரர் படியில் நின்று கத்தினார். ஐந்தாவது மணியில் வந்தவர், தலைமை அலுவலகத்திலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் ஒரு மணி நேரம் விடாமல் ஓடட்டும் என்றார். அக்கா எழுந்து டெலிபோன் அருகில் போனாள். ரிசீவர் வைக்கிற இடத்தில் ஒரு விரலால் அழுத்தினால் போதும், எல்லாம் நின்றுவிடும். விரலை நீட்டினாள். கிளி அவளைப் பார்த்தான். அவன் கண் வேண்டாம் என்கிறதா, இன்னும் கொஞ்சம் என்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தனக்கு வேண்டியதையே அதில் படித்தாள். விரலை மடக்கிக்கொண்டாள். ஆறாவது மணி முடிந்ததும் அவர் எழுந்து கை குலுக்கிவிட்டு, கடிதம் வரும் என்று சொல்லிப் போனார். கடிதம் வரவில்லை. இரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனியே இல்லாமல் போனது. அது அப்போதைக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று மாலை அது பெரிதாகப் பட்டிருக்காது. அன்று மாலை கிளியின் குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவன் கொடுத்ததைச் சாப்பிட்டான், சொன்னதைக் கேட்டான், கேட்டால் தலையாட்டினான். தொண்டையில் விளக்குகள் அணைந்திருந்தன. மூன்றாவது நாள் காலையில் அக்கா டிராயரைத் திறந்து, தபால் செலவை அனுப்பினாள்.

மோடம் ஒன்பதாவது நாள் வைக்கோல் திணித்த பெட்டியில் வந்தது. அது எப்போது கிடைத்தது, யார் அனுப்பியது என்று நட்டு கேட்டான். அக்கா சொன்னாள். அவன் சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் எடுத்து மேஜையில் கொட்டினான், மறுபடியும் அள்ளிப் போட்டுக்கொண்டான், வயரை மாட்ட ஆரம்பித்தான். மோடம் நம்பரைச் சுழற்றியது. கொக்கு கத்தியது, தகரம் சுரண்டியது, மழை தொடங்கியது. அந்த மழைக்கு நடுவே, தெருக்கோடியிலிருந்து கூப்பிடுவது போல, "அக்கா" என்றது ஒரு குரல். நட்டு வயரைப் பிடுங்கிவிட்டு ரிசீவரை எடுத்துக் கேட்டான். ரிசீவரை அவளிடம் நீட்டினான்.

"எடுத்துட்டியாக்கா?"

"எடுத்துட்டேன்டா. எங்கடா இருக்க?" அவள் கேட்டபோது கிளி எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லைன்லதான் இருக்கேன்."

"இருட்டா இருக்கா?"

"இருட்டெல்லாம் இல்ல. கூட்டமா இருக்கு. எல்லாரும் எதையாச்சும் கேட்டுக்கிட்டே போறாங்க."

"திரும்பி வந்துடுடா."

"போறதுக்கு மட்டும்தான் பழகிட்டேன் போலக்கா. வழி தெரியல."

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "கிளி, அந்த மோடம் வந்து…"

"அம்பது நாளைக்கு முன்னாடியே கடிதாசி வந்துச்சு. தெரியும்."

"உனக்கு எப்படி…"

"என் தொண்டை வழியாத்தானேக்கா வந்துச்சு. அந்தக் கப்பல்காரர் தபால் செலவுன்னு எழுதறப்ப ஒரு தடவ அடிச்சு அழிச்சதுகூடத் தெரியும்."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமேடா பாவி!"

"மூணு நாளுக்குள்ள நீ குடுப்பன்னு பாத்தேன். மேல எழுதியிருக்கே. அப்புறம், சரி, அந்த ஷூக்காரர் வந்துட்டுப் போகட்டும்னு நீ நெனைக்கிறன்னு புரிஞ்சுது. நானும் அதே கம்பெனிதானே."

அவள் அழுதது ரிசீவரில் விழுந்து, லைனில் கொரகொரவென்று கேட்டது. கோபமாடா என்று கேட்டாள்.

"இருந்துச்சு. இப்ப அத விடு. அங்க உக்காந்திருக்கானே, அவனுக்குப் பசிக்குது. ஒரு பன் வாங்கிக் குடு."

இன்டர்நெட்டுக்கு வேறு லைன் வாங்கினார்கள். பழைய லைன் கிளிக்கு என்று ஆனது. பெரிய பெரிய பக்கங்கள் வந்து 'கிடைக்கும்' பக்கத்தை யாரும் பார்க்காத காலம் வந்த பிறகும், அந்த நம்பருக்குப் பேசுகிறவர்கள் இருந்தார்கள். மணி அடித்ததும் அக்கா எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். கிளியே, "கிடைக்கும், சொல்லுங்க" என்று ஆரம்பிப்பான். எந்தப் பரணில் எந்தத் திருகு கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியாதது இல்லை. நாற்காலியில் இருந்தவன் பார்சல் கட்டினான், தலை நரைத்தான், கண்ணாடி போட்டான். இருவருக்கும் சண்டை கிடையாது. நட்டு ஒருவன்தான் கணக்குத் தெரியாமல் தவித்தான்: "வீட்ல நாம மூணு பேரா, நாலு பேரா அக்கா? ரேஷன் கார்டுல என்னன்னு எழுத?" அக்கா பயந்தபடியே இருந்தாள். இடி இடித்தால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள். தெருவில் பள்ளம் தோண்ட யாராவது கடப்பாரையோடு வந்தால் படியிறங்கி ஓடிப்போய், வேலை முடிகிறவரை பக்கத்திலேயே நிற்பாள். எலி வயரைக் கடித்த ஒரு மழைக்காலத்தில் இரண்டரை நாள் லைன் செத்துக் கிடந்தது. அந்த இரண்டரை நாளில் அவளுடைய முன்பல் இரண்டு தானாக விழுந்தன. லைன் வந்ததும் கிளி, "என்னக்கா, 'ஸ்'ஸுக்குக் காத்து போகுது?" என்று கேட்டான்.

இருபத்திரண்டாவது வருடம் டெலிபோன் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. தெருவில் உள்ள செம்புக் கம்பிகள் எல்லாம் வரும் பதினைந்தாம் தேதி எடுக்கப்படும். இனிமேல் கண்ணாடி இழைதான். நட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். புது லைனுக்கு அதே நம்பரைத் தருகிறோம் என்றார்கள். நம்பர் அல்ல சார், கம்பி, என்றான். அவர்களுக்குப் புரியவில்லை. பதினைந்தாம் தேதி காலையில் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, படிக்கட்டின் மேல் சுவரில் இருந்த வயர்ப் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். கிளியும் நாற்காலியைத் தூக்கிவந்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டான். பத்தே முக்காலுக்கு லைன்மேன் வயர் வெட்டும் பிளையரும் ஏணியுமாக வந்தான். எழுந்திரிங்கம்மா, ரெண்டு நிமிஷ வேலை என்றான். அவள் எழுந்திருக்கவில்லை. இதுபோல எத்தனையோ பேரைப் பார்த்தவன் போல அவன் சத்தம் போடாமல் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பெட்டியைத் திறந்து, வெட்டுவதற்கு முன் லைன் காலியாக இருக்கிறதா என்று பார்க்கத் தன் டெஸ்ட் போனை மாட்டினான். காதில் வைத்தான். நெற்றி சுருங்கியது.

"அம்மா, லைன்ல ஆள் இருக்காரு."

"இருக்கான்."

"எவ்வளவு நேரமா?"

"இருபத்திரெண்டு வருஷமா."

லைன்மேன் இன்னும் கொஞ்சம் கேட்டான். நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தான், மறுபடியும் கேட்டான். "ஆமா சார்… ஆமா, என் ஸ்கூட்டர் அதே பழைய மாடல்தான்… கிளட்ச் கேபிள்… எங்கயும் இல்லன்னுட்டாங்க சார்… இருங்க, எழுதிக்கறேன்" என்று காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒரு முகவரியை எழுதிக்கொண்டான். பிறகு டெஸ்ட் போனைக் கழற்றிப் பெட்டியை மூடினான். பேச்சு நடக்கும் லைனை வெட்டக்கூடாது என்பது அவர்களுடைய விதி. ரிஜிஸ்டரைத் திறந்து, அந்தத் தெருவுக்கு மீதமிருந்த கட்டத்தில், 'லைனில் ஆள் இருக்கிறார், வெட்டவில்லை' என்று எழுதி, நேரம் போட்டு, அக்காவிடம் கையெழுத்து வாங்கினான். அடுத்த வருடம் வந்தவனும் அதையே எழுதினான். அதற்கடுத்த வருடம் வேறொருவன் வந்து, மேலே இருந்த இரண்டு வரிகளைப் படித்துவிட்டு, கீழே 'மேற்படி' என்று போட்டான். முதலில் வந்தவன் அன்று ஏணியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, பேக்கரியில் இரண்டு பன் வாங்கினான். பன் விலையை அன்றும் ஏற்றியிருந்தார்கள்.